கட்டை விரலில் ஒரு ஜெனரல்

போர் விளையாட்டுக்கான குட்டிச் சிப்பாய் பொம்மைகளை ஒட்டி, பெயின்ட் அடிப்பது என் பொழுதுபோக்கு. ஒரு நாள் காலை, ஜெனரலின் உடைந்த வாளை ஒட்டப்போய், அவரே என் கட்டை விரலில் ஒட்டிக்கொண்டார். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டதால், அவரோடு ரயில் ஏறினேன்.

விரலை இழுத்து “ஐயோ” என்றதும், நான் தமிழ் என்று தெரிந்துகொண்ட எதிர் சீட் ஆன்ட்டி தமிழிலேயே கேட்டார்.

“என்னப்பா, விரல்ல பொம்மை?”

“பொம்மை இல்ல ஆன்ட்டி, ஜெனரல். க்ளூல மாட்டிக்கிட்டார்.”

சிரிக்காமல் கைப்பையிலிருந்து நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்தார்.

“கொஞ்சம் எரியும்.”

“பரவாயில்ல, தாங்கிக்குவேன்.”

“உன்னைச் சொல்லலப்பா, அவரைச் சொன்னேன்.”

விரல் விடுபட்டது. ஆனால் ஜெனரலுக்கு நான் பார்த்துப் பார்த்து வரைந்த மீசை கரைந்துவிட்டது.

“சாரி சார்” என்றார் ஆன்ட்டி, ஜெனரலிடம்.

வீட்டில் எல்லோரும் கிண்டல் செய்யும் என் சிப்பாய்களுக்கு முதலில் மரியாதை கொடுத்தவர் அவர்தான். இப்போதெல்லாம் யார் கேட்டாலும் என் பொழுதுபோக்கைக் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.