மருந்துத் தண்ணீர் எங்கே போகிறது

பெட்டிகள் சீக்கிரமாகக் குறைவதைக் கவனித்ததும் பிரேம்சிங்குக்கு நெஞ்சுக்குள் ஏதோ நெருடியது. பெட்டிகளுக்குள் இருந்தவை அவர் மனைவி லில்லியின் மருந்துத் தண்ணீர்ப் பைகள். மாசத்துக்கென்று வந்து இறங்கிய லோடு, பாதி மாசத்திலேயே கால்வாசிதான் கிடந்தது.

போடி கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர் பிரேம்சிங். எதையும் லேசில் நம்பமாட்டார். கிட்னி கெட்டுப்போய், வாரத்துக்கு மூணு தடவை தேனிக்குப் பஸ்சில் போய் ரத்தம் சுத்திகரித்து வந்துகொண்டிருந்த லில்லி, “இனிமே வயித்து வழியா வீட்லயே நானே பண்ணிக்கிறேன்” என்று சொன்ன அன்றைக்கும் அவர் நம்பவில்லை.

“அத்தன பேரு சுத்தி நின்னு பண்றத நீ ஒத்தையில பண்ணுவியாக்கும்? பை விக்கிறவன் கட்டிவிட்ட கதையா இருக்கும்.”

“கதையோ என்னமோ. ஒவ்வொரு தடவையும் போயிட்டு வந்து பொணமாட்டம் படுத்துக் கெடக்குறது நாந்தான?”

வயிற்றில் குழாய் வைத்தார்கள். நர்ஸ் ஜோதி பக்கத்தில் இருந்து பழக்கிவிட்டாள். பழைய தண்ணீரை இறக்கி, புதுப் பையை ஏற்றவேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை. அந்த நேரத்தில் லில்லி ஃபேனை அமர்த்தி, மாஸ்க் போட்டு, அறைக்கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். பிரேம்சிங் வெளியே நின்று காதைக் கொடுத்துக் கேட்பார். ஒரு சத்தமும் வராது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

இப்போது பெட்டியும் குறைகிறது. கேட்டதற்கு, “அளவ மாத்திருக்காக” என்று முகம் பார்க்காமல் சொன்னாள். ஜோதிக்குப் போன் போட்டு விசாரிக்கலாம்தான். ஆனால் அவளும் இதற்குக் கூட்டாக இருந்துவிட்டால்?

அடுத்த வியாழக்கிழமை, ஜீப்பு ஓட்டும் ராமர் கடைக்குச் சர்க்கரை வாங்க வந்தான். “மதினிக்கு ஒடம்பு தேவல போலயேண்ணே. நேத்து நம்ம ஜீப்புல போடிமெட்டுக்கு ஏறும்போது சிரிச்சுப் பேசிட்டு வந்தாக.”

நேற்று ஜெபக்கூட்டம் என்றல்லவா சொல்லிவிட்டுப் போனாள்! மலைக்கு மேலே, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர் கிட்னிக்குக் கஷாயம் கொடுப்பதாகக் கடையில் யாரோ பேசியது ஞாபகத்துக்கு வந்தது. சிகிச்சையை விட்டுவிட்டாள், பைகளை யாருக்கோ தள்ளிவிடுகிறாள், கஷாயத்தைக் குடித்துச் சாகப்போகிறாள்.

மறு புதன்கிழமை அவள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு வேறொரு ஜீப்பில் தொற்றினார். போடிமெட்டில் இறங்கி விசாரித்தால், “அக்கா அவுக தோட்டத்துக்குல்ல போச்சு” என்றார்கள்.

லில்லியின் அப்பா கொடுத்த சின்ன ஏலக்காய்த் தோட்டம் அது. நோயில் படுக்கும்வரை அவள்தான் பார்த்து வந்தாள். இனி மலை ஏறக்கூடாது என்று சொல்லி, குத்தகைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார் பிரேம்சிங். அவள் மறுபேச்சுப் பேசாதது அப்போதே அவருக்கு உறுத்தியது.

தோட்டத்து ஷெட்டில் காய் மூட்டை போடும் அறைக்குப் புதுசாக வெள்ளையடித்திருந்தது. யாரோ உள்ளே இருக்கிறார்கள். கதவை ஓங்கித் தள்ளினார்.

“சாத்துங்க கதவ! மாஸ்க் இல்லாம உள்ள வராதீக!”

சுவர் ஆணியில் பை தொங்கியது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, குழாயைக் கையில் பிடித்தபடி லில்லி உட்கார்ந்திருந்தாள். மூலையில் அவருடைய வீட்டுப் பெட்டிகள்.

பிரேம்சிங் வெளியே வந்து கல்லில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து அவள் வந்தாள்.

“ஜோதிகிட்ட கேட்டுட்டுத்தான் செய்றேன். அறை சுத்தமா, காத்து அடிக்காம இருந்தா எங்க வேணாலும் பண்ணலாம்னு சொல்லிருச்சு. ஒங்ககிட்ட சொல்லிருந்தா விட்ருப்பீகளா?”

“பொய் சொல்லிட்டு வந்திருக்கியே, லில்லி.”

“ஆமா. சொன்னேன்.”

அதற்கு ரெண்டாம் நாள் காலையில், வீட்டில் அறைக்குள்ளிருந்து அவளே கூப்பிட்டாள். தெளிந்த மஞ்சளாக இறங்கவேண்டிய தண்ணீர் கஞ்சிபோலக் கலங்கியிருந்தது. அவர் பதறி முடிப்பதற்குள் அவள் ஜோதிக்குப் போன் பண்ணி, அந்தப் பையைக் கட்டி எடுத்து, செருப்பை மாட்டிவிட்டாள். “காரச் சொல்லுங்க, வெரசா.”

ஆஸ்பத்திரியில் சோதித்ததில், கிருமி தொற்றியிருந்தது. உடனே வந்ததால் மருந்திலேயே அடங்கிவிட்டது என்றார் டாக்டர். ‘மலையிலதான் ஒட்டிருக்கும்’ என்று பிரேம்சிங் மனசுக்குள் அடித்துச் சொன்னார். ‘இல்ல, நான் கதவத் தள்ளுனதாலயோ’ என்றும் தோன்றியது. டாக்டரைக் கேட்டால், எங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்லமுடியாது என்றுவிட்டார்.

வீடு திரும்பும்போது, “மலை இனிமே வேணாம்” என்று ஆரம்பித்தார்.

“தேனியில படுத்திருந்தப்ப எனக்குள்ள என்ன போகுது, என்ன வருதுன்னு எனக்கே தெரியாது. இப்பத் தெரியுது. கலங்குனதப் பாத்தது யாரு? நாந்தான?” என்றாள் லில்லி.

குத்தகைப் பேச்சு அதோடு நின்றது. அந்த வருஷம் காய் எடுப்பை அவளே நின்று பார்த்தாள். புதன்கிழமைதோறும் பிரேம்சிங்கும், கடையில் சோலி இல்லை என்று சொல்லிக்கொண்டு, கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர்க் கேனோடு ஜீப்பில் ஏறினார்.

“இன்னும் என்ன நம்பலயாக்கும்?” என்றாள் அவள்.

“ஒன்ன நம்புறேன். இங்க வர்ற ஓடைத்தண்ணியத்தான் நம்பல. இதுல கையக் கழுவு.”

லில்லி கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.