‘எல்லாக் கணினியிலும்’ என்று எழுதிய வெர்னா

வெர்னா டாலஃப்சனும் நானும் டுலூத் நகரில் ஒரே அலுவலகத்தில் இருக்கிறோம். மற்றவர்கள் தங்கள் மென்பொருளில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் கட்டளைகளை எழுதித் தருவது எங்கள் தொழில். கடிகாரம் தொடர்பான கட்டளைகள் எந்தெந்தக் கணினியில் ஓடும், எதில் ஓடாது என்று விளக்கம் எழுதுபவள் வெர்னா. அதில் அவளுக்கு இருக்கும் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பீட்சா கொண்டுவருபவர் “அரை மணியில வந்துட்டேன்” என்றால், “எந்தக் கடிகாரப்படி?” என்பாள்.

போன மார்ச்சில் பக்கத்து மாநிலமான விஸ்கான்சினிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் ஆர்வில் ஷ்மெல்சர், வான்கோழி வளர்ப்பவர். குஞ்சு பொரிக்கும் பெட்டியில் இருக்கும் முட்டைகளை வேளாவேளைக்குத் திருப்பிப் போட அவரே ஒரு நிரல் எழுதியிருந்தார். கோடைக்காக ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்தாலும் தடுமாறாத எங்கள் கடிகாரக் கட்டளையை அதில் சேர்த்தார். நிரல் கிளம்பவே மறுத்துவிட்டது.

“‘எல்லாக் கணினியிலும் ஓடும்’னு எழுதின புண்ணியவான் யாரு? என்னோடது கணினி இல்லாம வாஷிங் மெஷினா?” என்று கேட்டிருந்தார்.

வெர்னாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “வாய்ப்பே இல்ல. நானே போய்ப் பாக்குறேன்.”

“ஒத்தை வரிக்காகவா இந்தப் பனியில போற?”

“கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்.”

பனியில் அவள் கார் ஓட்டும் லட்சணம் தெரியும் என்பதால் நானும் ஏறிக்கொண்டேன்.

ஆர்வில் கொட்டகையில் நின்று கையாலேயே முட்டைகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஏதோ கல்லூரி கழித்துக்கட்டிய பழைய கணினி. அதன்மேல் தவிடும் இறகும். வெர்னா கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டினாள். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது திரை. மறுபடி தட்டினாள். அதே பதில்.

“திரும்பத் திரும்பக் கேட்டா அது மனசு மாறிடுமா, மேடம்?” என்றார் ஆர்வில்.

“கொஞ்சம் சும்மா இருங்க.”

தவிட்டைத் துடைத்துவிட்டு, அது எந்த வகைக் கணினி என்று பார்த்தாள். பிறகு, “தப்பு என்னோடதுதான்” என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. அந்தக் கணினி தனக்கென்று வைத்திருந்த வேறொரு கடிகாரத்தைத் தோண்டியெடுத்து, நிரலை மாற்றிக் கொடுத்தாள். முட்டைத் தட்டு கிறீச்சிட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. ஆர்வில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வைக்கோல் கட்டின்மேல் அப்பாடா என்று உட்கார்ந்தார்.

அந்த வரியை மறுநாளே அடித்துவிட்டு, ஓடும் கணினிகளைப் பெயர் சொல்லி எழுதினாள். குஞ்சு பொரித்த அன்று, விளக்கத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று லீவு போட்டுவிட்டு மறுபடியும் போனாள். எனக்கு அனுப்பிய படத்தில் குஞ்சுகள் ஓரத்தில் மங்கலாகத் தெரிந்தன. நடுவில் ஆர்வில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.