துரியன் ஏறிய வண்டி

தென்காசி ஸ்டேஷன். குற்றாலத்துப் பழங்களெல்லாம் கூடை கூடையாக மதுரைக்கு ஏறுகின்றன. துரியனுக்கு மட்டும் இடமில்லை; நாற்றம் தாங்காது என்று கார்டு வெளியே எறிந்துவிடுவாராம்.

ரயிலில் எனக்கு எதிரே ஒரு பெண், ஈரச் சாக்கை மடியில் அணைத்தபடி உட்காருகிறாள். பெட்டியெங்கும் அந்த வாடை.

"துரியனா?" என்கிறேன்.

"சத்தம் போடாதிய. தின்னா பிள்ள உண்டாகும்னு சொல்லுதாவ. வெள்ளைக்காரன் வச்ச தோட்டத்துல, தானா விழுந்தாத்தான் விப்பேன்னுட்டான் குத்தகைக்காரன். மரத்தடியிலயே காத்துக் கெடந்து வாங்குனேன்."

கார்டு ஏறுகிறார்.

"யாருது?"

அவள் சாக்கை இன்னும் இறுக்குகிறாள். பழத்தின் முள் சாக்கைத் தாண்டிக் கையில் குத்தி ரத்தம் கசிகிறது. கார்டு அவளருகே குனிகிறார்.

"அடுத்தது எப்ப விழும், தாயி? எங்க வீட்லயும் காத்துக்கிட்டு இருக்கா."