கூண்டுக்குள் இருமல்

ஐந்தருவி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் விரலெல்லாம் பழைய கடித்தழும்புகள். லேசாக இருமல் வந்தாலும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கொரோனா சமயத்தில் ஐரோப்பாவில், ரோமத்துக்காக மிங்க் வளர்க்கும் பண்ணையில் வேலை பார்த்தாராம்.

“கீரி மாதிரி இருக்கும் தம்பி. சம்பளம் போயிரும்னு காய்ச்சலை மறைச்சிட்டுத் தீனி வச்சேன். ஒரே வாரத்துல கூண்டு கூண்டா இருமிச்சு. நோய் பரவிரும்னு எல்லாத்தையும் கொன்னுட்டாவ.”

“உங்ககிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு எப்படித் தெரியும் அண்ணாச்சி?”

“தெரியாது. ஆனா நான் சொல்லலைல்லா? கொல்ல வந்த அன்னைக்கும் தீனின்னு நெனச்சு என்னைப் பார்த்து ஓடி வந்துச்சு.”

அதே வருஷம் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வடகரையில் ஒரு கல்யாணப் பந்தியில் பரிமாறியவன் நான். அந்த வீட்டுப் பெரியவர் பத்தே நாளில் இறந்துபோனார். அதை அந்த அண்ணாச்சியிடம்கூடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.