வலப்பக்கத்துச் சலாம்

கட்டியை முழுசாக எடுத்தாச்சு, இனிப் பயமில்லை என்று கொழும்பில் டொக்டர் சொன்னபோது ஜெனூபா அழுதே விட்டாள். அல்லாஹ் காப்பாற்றினான், அதில் பேச்சில்லை. ஆனால் கட்டியோடு சேர்த்து வலது காதும் அல்லவா போய்விட்டது! காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் வளர்ந்த கட்டி அது. நரம்பை விட்டுவைத்து எடுக்க முடியவில்லை. கேட்காத காது சும்மாவாவது கிடக்கிறதா? அதுவுமில்லை. நெல் மில் ஒன்றை உள்ளே வைத்துப் பூட்டினது மாதிரி இரவு பகலாக இரைகிறது. குளிக்கும்போது முகத்தில் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடினால் தரை சாய்கிறது. ஒரு கை குழாயைப் பிடித்தே இருக்க வேண்டும். தொழும்போது நெற்றியை நிலத்தில் வைத்த சுஜூதிலிருந்து எழும்பினால் பிடிக்கச் சுவர் வேண்டும். வலது கண் ஒழுங்காக மூடாது. மருந்து விடாவிட்டால் மணல் விழுந்தது போல உறுத்தும். வருசம் மூன்றாகியும் இதில் ஒன்றும் போகவில்லை. இனிப் போகாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

சரி, வாய்விட்டுச் சொல்லி அழவாவது முடிந்ததா? சாய்ந்தமருதில் அவள் வீட்டைச் சுற்றி யாரைக் கேட்டாலும் ஜெனூபாவுக்குப் பித்தப்பைக் கல் ஒப்பரேஷன் என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்லி வைத்தவர் அவளுடைய புருஷன் இன்ஷாப். கலியாணத்துக்கு நிற்கிற குமர்ப் பிள்ளை இருக்கிற வீடு. தலைக்குள் ஒப்பரேஷன் என்று வெளியே வந்தால் போதும், தாய்க்கு மூளைக் கோளாறு, மகளுக்கும் வரும் என்று கதை கட்டிவிடுவார்கள். பிறகு எந்த மாப்பிள்ளை வீட்டார் படியேறுவார்கள் என்பது அவருடைய பயம். தழும்பை முக்காடு மறைத்தது. லேசாகக் கோணிய வாய்க்குப் பல் பிடுங்கினதைக் காரணம் சொன்னார்கள். கண் மருந்துப் போத்தல் அரிசி வாளிக்குள் போனது.

மகள் அப்னாவுக்கு அக்கரைப்பற்றிலிருந்து நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை பர்ஸான், பேங்கில் வேலை, அதிர்ந்து கதைக்காத பிள்ளை. நம் பக்கத்து வழக்கப்படி வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்து, மருமகனை வீட்டோடு எடுத்து, தாயும் தகப்பனும் பின்னறைக்கு மாறினார்கள். அங்கேதான் வந்தது வினை.

குசினியில் அடுப்பு இருக்கிற இருப்பில், வாசல் ஜெனூபாவின் வலப்பக்கம். வேலை முடிந்து வருகிற பர்ஸான் அந்த வாசலில் நின்று சலாம் சொல்வான். மாமி அகப்பையைக் கிண்டிக்கொண்டே நிற்பாள். சொன்ன சலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. பகையாளிகூட அதை விடமாட்டான். முதலில் மாமிக்கு வெட்கம் என்று நினைத்தான், பாவம். பிறகு ஒரு நாள் அப்னாவிடம் கேட்டேவிட்டான், உங்கட உம்மாக்கு என்னைப் புடிக்கல்லையா என்று.

தகப்பனுக்குப் பயந்து அவனிடம் வாயைத் திறக்காத அப்னா அழுதுகொண்டு வந்து சொன்னபோது ஜெனூபாவுக்கு நெஞ்சே வெடித்தது. பிடிக்காமலா? சோறு தின்ற கோப்பையைத் தானே கழுவி வைக்கிற மருமகன் இந்தத் தெருவில் வேறு யாருக்கு வாய்த்தான்? உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று இன்ஷாபைக் கெஞ்சினாள். முன்னமே சொல்லியிருந்தால் கலியாணம் நின்றிருக்கும், இப்போது சொன்னால் மறைத்துக் கட்டிவைத்தோம் என்று ஆகும், மூச்சு விடாதே என்றுவிட்டார் அவர். அடுப்பை மாற்றி வைப்போம் என்றாள். திடீரென்று ஏன் என்று மருமகன் கேட்டால் என்ன சொல்வாய் என்றார். மனுசி எங்கேதான் போவாள்?

வாசலில் நிழல் தட்டினாலே வஅலைக்குமுஸ்ஸலாம் என்று சொல்லிப் பார்த்தாள். பூனைக்கும் சொன்னாள், காற்றில் ஆடிய திரைச்சீலைக்கும் சொன்னாள். சரிவரவில்லை. கடைசியில் அவன் வருகிற நேரத்துக்கு அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கினாள். உள்ளே அவளும் அந்த இரைச்சலும்தான். தான் வாழ்ந்த வீட்டிலேயே மறியலில் அடைபட்டுக் கிடப்பது போல இருந்தது அவளுக்கு.

அது இன்னும் கேடாகப் போனது. என்னைக் கண்டால் மாமி கதவைச் சாத்துகிறா என்று எடுத்துக்கொண்டான் பர்ஸான். அக்கரைப்பற்றில் வாடகைக்கு வீடு பார்த்தான். பேங்குக்குக் கிட்ட என்று வெளியே சொன்னான். ஊர் என்ன சொல்லும் என்பது இன்ஷாபின் கவலை. ஜெனூபாவுக்கு அதுவல்ல. இடப்பக்கமாக வந்து நின்று அவளோடு கதைக்கிற ஒரே ஆள் அப்னா. அவளும் போகப்போகிறாள்.

லொறி வந்தது. அலுமாரியும் ஏறியது. வழிக்குச் சோறு கட்டிக் கொடுக்க, ஜெனூபா குசினியில் குந்தியிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பர்ஸான் வாசலில் வந்து சலாம் சொன்னானாம், போயிட்டு வாறம் மாமி, குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னானாம். மாமி துருவிக்கொண்டேயிருந்தாள். அப்னா ஓடிவந்து இடது தோளைத் தொட்டு, அவர் கதைக்கிறார் உம்மா என்றாள்.

ஜெனூபா பதறி எழும்பினாள். குசினி ஒரு பக்கமாகச் சரிந்தது. பிடிக்கச் சுவர் எட்டவில்லை, மருமகனின் கையைத்தான் பிடித்தாள். பிடித்த கையை விடாமல் மற்றக் கையால் முக்காட்டை இழுத்து, காதுக்குப் பின்னால் முடி முளைக்காத தழும்பைக் காட்டினாள்.

"மனே, இந்தக் காது செத்துப் போயிட்டு. தலைக்குள்ள கட்டி எடுத்த. பித்தப்பை எண்டு சொன்னதெல்லாம் பொய். நீங்க சொன்ன சலாம் ஒண்டுமே எனக்குக் கேக்கல்ல."

இன்ஷாப் முற்றத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பர்ஸான் அவளைத் தாங்கிச் சுவரோடு நிறுத்தினான். பிறகு ஒன்றே ஒன்று கேட்டான். "முன்னமே தெரிஞ்சிருந்தா நான் கட்டியிரிக்க மாட்டன் எண்டு நினைச்சீங்களா?"

"ஓம்," என்றாள் ஜெனூபா.

இல்லை, கட்டியிருப்பேன் என்று அவன் சொல்லவில்லை. வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லாததற்காகவே அவனை இன்னும் பிடித்துப்போனது அவளுக்கு.

லொறியிலிருந்து அலுமாரி இறங்கியது. அன்று பின்னேரம் பர்ஸான் குசினிக்குள் வந்து, அடுப்பைச் சுற்றி இடப்பக்கமாக நின்று சலாம் சொன்னான். ஜெனூபா தெருவுக்கே கேட்கிற மாதிரிப் பதில் சொன்னாள், சொல்லும்போதே அழுதாள். அவன் போகாமல் நின்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"எங்கட உம்மாக்கு மட்டும் இது தெரிய வேணாம், மாமி. தெரிஞ்சா அப்னாவத்தான் குத்திக் குத்திக் காட்டுவா."

நல்ல காதுப் பக்கம் அல்லவா, ஒரு சொல் தப்பாமல் கேட்டது. ஓம் என்று தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்?

வெள்ளிக்கிழமை பர்ஸானின் உம்மா விருந்துக்கு வந்தா. ஜெனூபா கண்ணுக்கு மருந்து விட்டு, போத்தலைத் திரும்ப அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டு முன்னறைக்கு வந்தாள். அவளுக்கென்று பர்ஸான் ஒரு கதிரையை இழுத்து, வலக்காதுப் பக்கம் சுவரோடு ஒட்டும்படி போட்டு வைத்திருந்தான். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவள் போய் அதில் உட்கார்ந்தாள்.