ரயில் ஏறிய வக்கீல் ஆபீஸ்

இன்னைக்கு ரயில்ல எனக்கு எதிர் சீட்ல உட்கார்ந்திருந்தவங்களைப் பத்தி உடனே எழுதியே ஆகணும். உட்கார்ந்திருந்தாங்கன்னு சொல்றதே பொய். எழுந்திருப்பாங்க, கதவு வரைக்கும் போவாங்க, போனைப் பார்ப்பாங்க, திரும்பி வருவாங்க. "உடம்பு ஏதும் முடியலையாக்கா?"ன்னு கேட்டேன். "உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கு. மனசுதான் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது"ன்னு ஆரம்பிச்சவங்க, எல்லாத்தையும் கொட்டிட்டாங்க.

ஒரு வக்கீல் ஆபீஸோட கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறது அவங்க வேலை. ஆபீஸ்ல வச்ச பேரு பம்பரம். ஆனா இத்தனை வருஷமா அந்தப் பம்பரம் ஒரே ரூமுக்குள்ளதான் சுத்துச்சு. பின்பக்கம், ஏசி ஒழுகுற ஒரு சின்ன ரூம். அதுல சர்வர். மொத்த கேஸும் அதுக்குள்ள. அது படுத்தா ஆபீஸே படுத்துரும். தங்கச்சி கல்யாணத்தன்னிக்குப் பார்த்து அது படுத்துச்சு. கல்யாணத்தை அவங்க போன்லதான் பார்த்தாங்க, ஏசிக்கு அடியில வாளியை வச்சுக்கிட்டு.

இப்போ அதே தங்கச்சிக்குத் தலைப்பிரசவம். புருஷன் கப்பல்ல. கூட யாரும் இல்ல. "இந்தத் தடவையும் அந்தப் பொட்டியைக் காரணம் சொன்னேன்னு வை, என் புள்ளை உன்னைப் பெரியம்மான்னு கூப்பிடாது, பாத்துக்கோ"ன்னு மிரட்டல் வேற.

அதனாலதான் பம்பரம், ஆபீஸ் முதலாளி பின்னாடியே அலைஞ்சு சம்மதம் வாங்கி, எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்துனாங்க. இனிமே ஃபைலும் இங்க இல்ல, கம்ப்யூட்டரும் இங்க இல்ல. எங்கேயோ தூரத்துல வாடகைக்கு எடுத்த மெஷின்ல ஆளுக்கொரு டெஸ்க்டாப். மேஜையில இருக்கிறது வெறும் கண்ணாடி மாதிரி, அதைக் காட்டும், அவ்வளவுதான். எங்கிருந்து வேணா திறக்கலாம். ஒரே ஒரு விஷயம், தொடாம ரொம்ப நேரம் விட்டா அதுவே மூடிக்கும். முதலாளி ஒத்துக்கிட்டாலும் ஒரு பிடி வச்சிருந்தாரு: "முதல் நாள் ஒரு கேஸ் கெட்டாலும் பழைய சர்வர் திரும்ப வரும். நீயும் லீவை மறந்துரு."

முதல் நாள்தான் இன்னைக்கு. மத்தியானம் ரயில்.

காலையில, முதலாளிக்கு அடுத்த இடத்துல இருக்கிற பெரிய வக்கீலோட ரூம்லேருந்து கத்தல். அவருக்கு ஒரு பழக்கம். வாதத்துக்கு வேண்டிய பழைய தீர்ப்பெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா திறந்து அடுக்கி வைப்பாரு. மேல இருக்கிறது முதல்ல பேச வேண்டியது. பேப்பர்ல ஒரு குறிப்பு கிடையாது, அந்த அடுக்குதான் வாதம். பழைய கம்ப்யூட்டரை மாசக்கணக்கா அணைச்சதே இல்ல. நேத்து சாயங்காலம் புது டெஸ்க்டாப்பைக் கொடுத்ததும் அதுலயும் அடுக்கி வச்சுட்டு, வழக்கம்போல ஸ்க்ரீனை மட்டும் அணைச்சுட்டுக் கிளம்பிட்டாரு. ராத்திரி அதுவே மூடிக்கிச்சு. காலையில துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கு சார். இதோ பாருங்க."

"ஃபைல் யாருக்கும்மா வேணும்? வரிசை எங்க? மத்தியானம் ஹியரிங்! நீ உன் மேகத்தையே கோர்ட்ல பேசச் சொல்லு!"

அப்புறம் முதலாளிக்குப் போன் போட கையை நீட்டுனாரு. பம்பரத்துக்குத் தங்கச்சி தனியா படுத்திருக்கிறது கண்ணு முன்னாடி வந்து போச்சாம். என்ன தோணுச்சோ, அவருக்கு எதிர் நாற்காலியில தொப்புன்னு உட்கார்ந்தாங்க.

"சார், நான்தான் ஜட்ஜ். வாதாடுங்க."

"விளையாடுறியா?"

"கோர்ட்டு நேரத்தை வீணாக்காதீங்க வக்கீல் சார்."

பக்கத்துல நின்ன ஜூனியர் சிரிப்பை அடக்கிக்கிட்டு வாயைப் பொத்திக்கிச்சு. மனுஷன் முறைச்சாரு. ஆனா வாதாடுன்னா அவரால சும்மா இருக்க முடியுமா? முனகிக்கிட்டே ஆரம்பிச்சாரு, கொஞ்ச நேரத்துல எழுந்து நின்னுட்டாரு. அவர் சொல்லச் சொல்ல இவங்க அந்தந்தத் தீர்ப்பைத் திறந்துகிட்டே வந்தாங்க. நடுவுல, "இது ஏன் சார் இங்க? எனக்கே புரியலையே"ன்னாங்க. அவரு "அதைக் கடைசிக்குத் தள்ளு"ன்னாரு, ஏதோ பெரிய மனசு பண்ற மாதிரி. அவர் முடிச்சதும் எல்லாத்தையும் வரிசைப்படி மேலும் கீழுமா அடுக்கிக் கொடுத்தாங்க.

"இது மறுபடி மூடிக்குமே?"

"இன்னைக்கு ராத்திரி வரைக்கும் உங்களுது மூடாது. மாத்திட்டேன். கோர்ட்ல லேப்டாப்பைத் திறந்தா இதே அடுக்கு அப்படியே இருக்கும்."

"இருக்கும்கிற."

"இருக்கும் சார்."

சொல்லிட்டு ஓடி வந்து ரயில் பிடிச்சாச்சு. இருக்குமா இருக்காதான்னுதான் அந்த நடை!

இவ்வளவையும் கேட்டு முடிச்சேன், போன் அடிக்குது. பெரிய வக்கீல். அந்தக் குரல் எனக்கே கேட்டுச்சு. "ஒண்ணும் இல்லம்மா! வெறும் மலை படம்தான் இருக்கு! அடுத்தது என் கேஸ்!"

சிக்னல் விட்டு விட்டு வருது. கதவுக்கு ஓடுனாங்க, பின்னாடியே நானும். "சார், அது லேப்டாப்போட சொந்த ஸ்க்ரீன். நம்மளது அதுக்குள்ள போனாத்தான். கீழ மேகம் மாதிரி ஒரு படம்... ஹலோ? சார்? மேகம் சார், மேகம்!" பெட்டியே திரும்பிப் பார்க்குது. ஒரு பெரியவர் ஜன்னல் வழியா வானத்தையே எட்டிப் பார்த்துட்டாரு.

லைன் போயிருச்சோன்னு போனை எடுத்துப் பார்த்துட்டு மறுபடி காதுல வச்சாங்க.

"...வந்துருச்சு." அப்புறம் ரொம்ப மெதுவா, "வரிசையா இருக்கு."

டொக். வச்சுட்டாரு. ஒரு நன்றி கூட கிடையாது! எனக்குத்தான் கோபம் வந்துச்சு. அவங்களோ கதவோரமாவே சாஞ்சு சிரிச்சாங்க, கண்ணுல தண்ணி. கொஞ்சம் கழிச்சு ஜூனியர்கிட்டேருந்து மெசேஜ்: "சார் பேசிட்டு இருக்காரு மேடம். ஜட்ஜ் கேட்டுட்டு இருக்காரு. நீங்க நிம்மதியா போங்க."

கேஸ் ஜெயிச்சுதான்னு தெரியல. அதுக்குள்ள அவங்க ஊர் வந்துருச்சு. ரயில் நிக்கிறதுக்கு முன்னாடியே பையைத் தோள்ல போட்டுட்டாங்க. தங்கச்சி போன்: "எங்கக்கா இருக்க? வலி ஆரம்பிச்சிருச்சு." "ஸ்டேஷன்லடி! வந்துட்டேன்! நான் வர்ற வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லு அந்தக் குட்டியை!" திரும்பிக்கூடப் பார்க்கல, ஓட்டம்.

உங்க ஆபீஸ்லயும் இப்படி ஒருத்தர் பின்பக்க ரூம்ல இருப்பாங்க. இதை அவங்களுக்கு அனுப்புங்க. அப்படியே நாளைக்கு அந்த ரூமுக்குப் போய், "கடைசியா எப்போ ஊருக்குப் போனீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்.