எந்தத் தெரு?

எழுபதுகளின் கடைசியில் மத்திய அரசு வேலை கிடைத்துத் தில்லிக்கு வந்தேன். அரசுக் குடியிருப்புக்குக் காத்திருப்போர் பட்டியல் மிக நீளம். அதுவரை தங்க, கோல் மார்க்கெட் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பத்தில் அறை இருப்பதாகக் கேட்டுப் போனேன். தமிழ்ப் பெண் என்றதும் வீட்டம்மாவுக்கு ஏக சந்தோஷம். காபி கொடுத்தார்.

"ஊர்ல எந்தத் தெரு?"

"காலனிங்க."

தில்லியில் பெரிய அதிகாரிகளும் காலனியில்தான் இருக்கிறார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம், சேரி. அது அவருக்கும் தெரிந்திருந்தது. நாத்தனார் குடும்பம் அந்த அறைக்கு வரப்போவது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. டம்ளரைக் குழாயடியில் வைக்கச் சொன்னார்.

அடுத்து அறை தேடிப் போனது தில்லியின் தெற்கே முனிர்காவுக்கு. அங்கே வீட்டுக்காரர் இந்தியில் ஒரே கேள்விதான் கேட்டார்.

"மதராஸியா? அச்சா. உங்க ஆளுங்க மாமிசம் தொடமாட்டாங்க, ரொம்ப சுத்தம்."

நான் திருத்தவில்லை. கருவாட்டை மறந்து மூன்று வருஷம் அங்கே சுத்தமாக வாழ்ந்தேன்.

அந்த அறையில்தான் என் முதல் நாடகத்தை எழுதினேன், வீடு தேடும் ஒரு பெண்ணைப் பற்றி. தமிழர் நாடகக் குழு ஒன்று போட ஒத்துக்கொண்டது. "பொம்பளை எழுதின நாடகம் நம்ம மேடையில இதான் முதல்" என்று செயலாளர் பெருமைப்பட்டார். வேறு எந்த வகையில் முதல் என்று அவர் கேட்கவில்லை.

கோபத்தில் நான் நாடகத்தில் வரும் வீட்டுக்காரியை, "உங்க ஜாதிக்கு வீடு இல்லை" என்று பேச வைத்திருந்தேன். அந்த வேஷம் போட்டவர் ஓர் அதிகாரியின் மனைவி. ஒத்திகையில் தாளைக் கீழே வைத்துவிட்டார்.

"இப்படி மூஞ்சிக்கு நேரா யாரும்மா சொல்லுவா? 'இங்க தண்ணிக் கஷ்டம், உங்களுக்குச் சரிப்படாது'ன்னு எழுதுங்க. நாங்க அப்படித்தான் சொல்லுவோம்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர் மட்டும் எதையும் கவனிக்கவில்லை. நான் வசனத்தை மாற்றினேன்.

மேடையில் அதற்குத்தான் அதிகச் சிரிப்பும் கைதட்டலும். சிரித்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் அறை காலியாக இருந்ததோ. முடிந்ததும் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படியும் மனுஷங்க இருக்காங்களா என்று கேட்டார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் என் அவமானத்துக்கான சரியான வசனம் எனக்கே எழுத வரவில்லையே என்று வெகுநாள் உறுத்தியது.

பிறகு முனிர்கா வீட்டுக்காரருக்கு அறை தேவைப்பட்டது. மறுபடி வீடு தேடினேன். ஒரு தமிழ் வீட்டில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"நீங்க நாடகம் எழுதறவங்களாச்சே! எங்களையும் எழுதிடுவீங்க."

எழுதியதற்காக எனக்கு வீடு இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. அதை முன்னேற்றம் என்று சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.